பதினேழாம் தொகுதியின் கடைசிப் பட்டியல்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. அந்த அளவுக்கு எனக்கு இன்னும் மனசு இறங்கவில்லை. ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் கத்துவேன். நீ ‘சரிக்கா, சரிக்கா’ என்று சொல்லியே என்னை இன்னும் கத்த வைப்பாய். காகிதத்தில் என்றால் இரண்டு பேரும் கொஞ்சம் அடங்கி இருப்போம்.

எங்கள் நூலகத்தில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். நம் பழைய நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு. பதினேழாம் எண். இன்றைக்கு வரைபடத்தில் அப்படி ஒன்று கிடையாது. மூன்றாக வெட்டி, மூன்று புறநகர்த் தொகுதிகளின் வாலில் ஒட்டிவிட்டீர்கள். வெட்டியது எல்லை ஆணையம் என்று ஊருக்குச் சொல்லலாம். அந்த ஆணையத்தின் நில அளவையாளர் யார் என்று எனக்குத் தெரியாதா? கோடு போட்டது என் கூடப் பிறந்தவன் கை.

“இருபத்தொன்பது வருஷம் வாக்காளர் பட்டியல் எழுதினவங்க நீங்க. உங்களை விட்டா யாரைக் கேக்கிறது?” என்று நூலகர் அம்மா வீட்டுக்கே வந்தார். ஒப்புக்கொண்டேன். முதல் நான்கு அத்தியாயம் முடிந்துவிட்டது. மில்கள் வந்த காலத்தில், தொண்ணூறு வருஷத்துக்கு முன், மூன்றே வாக்குச்சாவடிகளோடு தொகுதி பிறந்தது. முதல் உறுப்பினர் ஒரு வக்கீல். ஓட்டுக் கேட்டு வந்தவர் வண்டியை விட்டுக் கீழே இறங்கவே இல்லையாம். மூன்றாவது தேர்தலில் துறைமுகத் தொழிலாளி ஒருவர் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். மூன்று நாள் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். வெள்ளம் வந்த வருஷம் இடைத்தேர்தல். வாக்குப் பெட்டிகள் படகில் போயின, அப்படியும் எண்பத்தேழு சதவீதம் ஓட்டு விழுந்தது. அப்புறம் அந்த மருத்துவச்சி அம்மா. இரண்டு முறை உறுப்பினர். கால்வாய்ச் சாக்கடையைப் பற்றி மட்டும் சபையில் இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்டவர். கடைசியில் அமைச்சரே, “அம்மா, சாக்கடையை மூடிடறோம், நீங்க கொஞ்சம் உக்காருங்க” என்றாராம். ஒரு முறைகூட ஆளுங்கட்சிக்கு ஜெயித்துக் கொடுக்காத தொகுதி நம்முடையது.

கடைசி அத்தியாயத்தில்தான் நிற்கிறேன். உங்கள் அறிக்கையில் மொத்த வாக்காளர் 56,498 என்று இருக்கிறது. அறுபதாயிரத்துக்குக் குறைந்ததால் தொகுதி கலைக்கப்படுகிறது என்று அதற்குக் கீழேயே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்டில் நானே கட்டி முத்திரை வைத்த பட்டியலில் 63,412 பேர். டிசம்பருக்குள் 6,914 பேர் எங்கே போனார்கள்?

இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் உள்ளே போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரித்தேன். யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்தேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் கோபத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அது போதும்.

நீ கேட்டதற்குப் பதில்: எங்களுக்கு மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஓர் எண்ணிக்கை கொடுத்தது. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வேலை செய்தோம். ஆட்களை எண்ணுவது எங்கள் வேலை இல்லை.

வரலாறு எழுதுவது நல்ல காரியம். பதினோரு ஓட்டுக் கதையை நீ எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறாய், அதை விட்டுவிடாதே. ஆனால் நான் ஒன்று சொன்னால் கேட்பாயா? மருத்துவச்சி அம்மாவோடு புத்தகத்தை முடித்துக்கொள். கடைசி இருபது வருஷத்தைப் பற்றிப் படிக்க யாருக்கும் ஆசை இருக்காது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதினால் வம்புதான்.

பதிவறைக்கெல்லாம் போய்ப் பழைய கட்டுகளைத் தேடாதே. உன் முழங்காலுக்கும் அது ஆகாது.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

என் முழங்காலைப் பற்றி உனக்கு என்ன அக்கறை? பதிவறைக்குப் போனேன்.

உள்ளே என்னோடு வேலை பார்த்தவர்தான் இன்னமும் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எந்த வருஷத்துக் கட்டு என்று சொன்னதும் சுருங்கிவிட்டது. “அக்கா, அந்த ஆகஸ்டு கட்டு இங்கே இல்லை. மேலே எடுத்துட்டுப் போனாங்க, திரும்பி வரலை. நீங்க கேட்டீங்கன்னு நான் பதிவேட்டில எழுதணும். எழுதட்டுமா?” எழுதுங்கள் என்றேன். எழுதி முடித்துப் பதிவேட்டை மூடினார்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு கார். இறங்கியது யார் தெரியுமா? கோந்து. அப்போது எனக்கு மேலதிகாரி, நினைவிருக்கும். எந்தக் கட்சி வந்தாலும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டே இருந்ததால் நாங்கள் வைத்த பெயர் அது. இப்போது இந்த மாவட்டத்துக்கே சிறப்பு அதிகாரி. கூடத்தில் உட்கார்ந்து உங்கள் அத்தான் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புத்தகம் எழுதறீங்களாமே அம்மா?”

“நூலகத்துக்காக, சார். சும்மா, பொழுது போக.”

“நல்லது, நல்லது. பழசெல்லாம் யாராவது எழுதி வைக்கத்தான் வேணும்.” அப்புறம் எழுந்தபோது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “தம்பி லெட்டர் போட்டிருந்தாரே, நல்லா இருக்காரா? முழங்காலைப் பாத்துக்கச் சொன்னாராமே.”

கார் போன பிறகு உன் உறையை எடுத்துப் பார்த்தேன். மூடியின் ஓரம் இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷம் அவருக்கு அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தேன். அன்று சிரிப்பு வரவில்லை.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று நேற்றுத்தான் புரிந்தது. கால்வாயை ஒட்டிய ஒன்பது தெருக்களுக்கும் போனேன். பட்டியலில் குறைந்தவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும் என்று சந்தேகம். கயிற்றுக்காரத் தெருவில் ஒரு தையற்காரி, வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின். அந்த அம்மா அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே ஒரு நோட்டீசை நீட்டினார். ஒன்பது தெருவும் காலி செய்ய வேண்டுமாம். சரக்குக் கிடங்கு வருகிறதாம். கெடு ஏப்ரல் 10. காரணத்தைப் படித்துப் பார்: ‘எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. எனவே இவர்கள் அதன் பின் அத்துமீறிக் குடியேறியவர்கள்.’

“எங்க தாத்தா இந்த வீட்டுலதான் செத்தாரு. எங்க அப்பா இங்கதான் பொறந்தாரு,” என்றார் அந்த அம்மா. “அந்த வருஷம் ஓட்டுப் போடப் போனப்பவே பேர் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தெருவே திரும்பி வந்துச்சு. போய்க் கேக்க எங்களுக்குன்னு ஒரு உறுப்பினர் உண்டா? தெரு முனைக்கு ஒருத்தர், நடுவுக்கு ஒருத்தர், கடைசிக்கு ஒருத்தர். மூணு பேருமே அடுத்தவரைக் கேளுங்கன்றாங்க.”

மார்ச் 28ஆம் தேதி உங்கள் ஆணையம் இங்கே வந்து ஆட்சேபணை கேட்கப் போகிறது; அந்தப் பட்டியலை வைத்துக் கொடுத்த இந்த நோட்டீசையும் அதில்தான் விசாரிக்கிறார்களாம். நான் எழுந்து பேசப் போகிறேன். ஆகஸ்டுப் பட்டியல் போய்விட்டது. ஆனால் பெயர்களை நீக்கினால் நீக்கல் பட்டியல் என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் அந்த 6,914 பெயரும் முகவரியும் இருக்கும். அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம். உங்களிடம் ஒரு நகல் வந்திருக்கும். அதை அனுப்பு.

அக்கா


மார்ச் 6

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. பெரியப்பா மகன் லாரி உன் ஊர்ப் பக்கம் வருகிறது, அவனிடம் கொடுத்திருக்கிறேன். உன் பதிலையும் அவனிடமே கொடு.

எட்டு வருஷமாக நான் சொல்லாமல் இருந்த ஒன்றைச் சொல்கிறேன். நீயே கேட்டுக் கேட்டு என்னை இந்த இடத்துக்குத் தள்ளிவிட்டாய்.

நீக்கல் பட்டியல் இருக்கிறது. நூற்று முப்பத்தொன்பது தாள். நவம்பர் 11 என்று தேதி. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே ஒரு கையெழுத்து, ‘நேரில் சரிபார்க்கப்பட்டது’ என்பதற்குக் கீழே. அது உன் கையெழுத்து. உன் கையெழுத்தைப் போலி செய்ய முடியாது அக்கா. கடைசி எழுத்தின் வாலை நீ எப்படி இழுப்பாய் என்று எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூட அட்டையில் அப்பாவுக்குப் பதில் நீதானே போட்டுக்கொண்டிருந்தாய்!

அந்த வாரம்தான் அத்தான் பொது வார்டில் தரையில் கிடந்தார். மறுநாளே அவருக்குத் தனி அறை, பெரிய டாக்டர். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. தாளைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உன் இடத்தில் நான் இருந்தாலும் செய்திருப்பேன் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஜூனில் அறிக்கை வந்ததும் நீ போன் செய்து, “என் தொகுதியை நீதான்டா கொன்னே” என்று கத்தினாய். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான்.

இப்போது நீயே போய் அந்தத் தாளைக் கேட்கிறாய். நீ மறந்துவிட்டாயா, இல்லை என்னைச் சோதிக்கிறாயா என்று தெரியவில்லை.

தம்பி


மார்ச் 9

டேய்,

உன் கடிதத்தை லாரியில் கொண்டுவந்த பெரியப்பா மகன் முன்னாலேயே படித்தேன். “என்னக்கா, தண்ணி வேணுமா?” என்று கேட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி நடைகூடம், ஜன்னல் திட்டு. கோந்து ஒரு கட்டோடு வந்தார். “வழக்கமான இறந்தவர் பட்டியல்தாம்மா. நீங்க லீவுல இருக்கீங்க, உங்க கையெழுத்து இல்லாம நிக்குது. இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க.” பேனாவையும் அவரே கொடுத்தார். உள்ளே உங்கள் அத்தான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நான் தாள்களைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போட்டேன். கடைசித் தாளும் முடிந்ததும் அவர் சொன்னார், “சாருக்கு ஒரு ரூம் சொல்லியிருக்கேன்.”

ஒன்றையும் படிக்கவில்லை என்று இந்த வரியில் எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன். படித்தேன். ஏழாவதோ எட்டாவதோ தாளில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. கயிற்றுக்காரத் தெரு, கதவிலக்கம் 31. அந்தத் தையற்காரியின் அப்பா. அதற்கு முந்தைய வாரம்தான் அவர் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, “வீட்டுக்காரருக்கு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டிருந்தார். இறந்தவர் பட்டியலில் இந்த மனிதர் எப்படி என்று என் கை ஒரு கணம் நின்றது. கோந்து என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அறை கிடைத்தும் அத்தான் மூன்று நாள்தான் இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது என்னை வாகனப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பட்டியலைத் திரும்பப் பார்க்க வேண்டாம் அல்லவா? உன்னைத் திட்டியதுகூட அதனால்தானோ என்னவோ. யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. நீ கையருகில் இருந்தாய்.

போன மாதம் உன்னிடம் ‘எங்கே போனார்கள்’ என்று கேட்டேனே, அதில் பாதி எனக்கே தெரியும். இத்தனை பேர் என்பது மட்டும்தான் தெரியாது. ஒரு நூறு, இருநூறு இருக்கும் என்று இத்தனை வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். தாளுக்கு ஐம்பது பெயர் என்று பெருக்கிப் பார்க்கத் தெரியாதவளா நான்?

அந்த அம்மாவை நேற்றும் பார்த்தேன். அப்பா நான்கு வருஷத்துக்கு முன்தான் இறந்தாராம். நான் அவரை அதற்கு நான்கு வருஷம் முன்பே சாகடித்துவிட்டேன்.

நகலை அனுப்பு. என் கையெழுத்தோடுதான் வேண்டும்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னை நான் தப்பாக நினைக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்களை எண்ணுவது எங்கள் வேலை இல்லை என்று எழுதினேன். அது அலுவலக வாய். எல்லைக்கல் பார்க்க அந்தக் கால்வாய்க் கரைக்கு நான் நேரில் வந்தேன். ஒன்பது தெருவிலும் கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். கையில் இருந்த தாளில் அந்தத் தெருக்களில் ஆளே இல்லை. என் தலைமை அதிகாரியிடம் வந்து சொன்னேன், “சார், அங்க ஜனங்க இருக்காங்க.” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தாளில் இருக்கிறதைத்தான் வரையணும் தம்பி. கண்ணால பாத்ததை வரைய நீ என்ன ஓவியனா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். நம் தாத்தா காலத்துத் தெரு ஒன்றை மூன்றாக வெட்ட முக்கால் மணி நேரம் ஆனது.

அது என் கோடு. உன் கையெழுத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று போன கடிதத்தில் எழுதினேன் இல்லையா? அதில் பாதி என் வேலையைக் காப்பாற்ற.

நகல் என்னிடம் வீட்டில் இருக்கிறது. இதுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, “சொந்தக் காகிதம் ஏதாவது வீட்டுல வச்சிருக்கீங்களா?” என்று சாதாரணமாகக் கேட்டார்கள், டீ குடித்தாயா என்று கேட்பதைப் போல. இல்லை என்றேன். புதன்கிழமை வந்து பார்த்தால் என் மேசையில் வேறு ஒருவர். என்னை மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையில் உட்காரச் சொன்னார்கள். வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை நன்றாக யோசித்துப் பார். அந்த நூற்று முப்பத்தொன்பது தாளில் கோந்துவின் கையெழுத்து எங்குமே இல்லை. ஒரு சுருக்கொப்பம்கூட இல்லை. உன் பெயர் மட்டும்தான். நீ அதைத் தூக்கிக்கொண்டு சபையில் நின்றால், தெருவைக் காப்பாற்ற வந்தவள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஏழாயிரம் பேரை அழித்தவள் என்று உன்னைத்தான் காட்டுவார்கள்.

அனுப்ப மாட்டேன். என்னைத் திட்டிக்கொள்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

திட்டவில்லை. எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

நூலகர் அம்மா நேற்று வந்தார். வாசலிலேயே நின்றார். “மேலிடத்திலேர்ந்து புத்தகம் வேண்டாம்னுட்டாங்க. காகிதத் தட்டுப்பாடாம்,” என்று சொல்லிவிட்டு என் கைப்பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. பதிவறைக்காரரை மலைப்பக்கம் எங்கேயோ மாற்றிவிட்டார்களாம். ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது.

எதிர்வீட்டுச் சுவர் ஓரமாக மூன்று நாளாக ஒருவர் பைக்கை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் வருகிறார், மாலையில் போகிறார். நான் கடைக்குப் போனால் அவர் எழுந்திருப்பதில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார். நேற்று வெயிலில் காய்கிறாரே என்று ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, “தேங்க்ஸ் மேடம், உங்களுக்கு எந்தக் கஷ்டமும் வரக் கூடாதுன்னுதான் நாங்க பாக்கறோம்,” என்றார். அதைக் கேட்ட பிறகு கதவைத் தாழ் போடப் பழகிக்கொண்டேன்.

கோந்துவும் இன்னொரு முறை வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

“28ஆம் தேதி பேசறதுக்குப் பேர் குடுத்திருக்கீங்க.”

“ஆமாம் சார்.”

“பேசுங்க. பேச்சு சுதந்திரம் இருக்கு. ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டது நீங்க. நான் அங்க வந்ததா யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை.”

நான் பயப்படவில்லை என்று எழுதலாம். நீ நம்ப மாட்டாய். அவர் போன பிறகு சமையல்கட்டில் நின்றுகொண்டு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன், கழுவிய பாத்திரத்தையே.

நகல் இல்லாவிட்டாலும் போகிறேன். வாயால் சொல்கிறேன். மருத்துவச்சி அம்மா இருநூற்றுப் பதினான்கு முறை எழுந்து நின்றார். நான் ஒரு முறை எழுந்து நிற்க மாட்டேனா?

அக்கா


மார்ச் 30

என் தம்பிக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்தாயா? சேர்ந்ததும் ஒரு வரி எழுது. இந்தக் கடிதம் முழுவதும் அதைத்தான் கேட்கிறது, மற்றதெல்லாம் சும்மா.

நீ வருவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நகராட்சி மண்டபத்தில் ஒன்பது தெருவும் வந்து உட்கார்ந்திருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, அந்தப் பெயர்கள் நீக்கப்பட்டது பொய், அவர்கள் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள் என்றேன். ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஆவணம் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “ஆவணம் இல்லாம எழுதிக்க முடியாதேம்மா,” என்றார். முன்வரிசையில் கோந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. தலை நரைத்து, தோள் குனிந்து யாரோ வருகிறார்கள் என்று பார்த்தேன். எட்டு வருஷத்தில் நீ அப்பா மாதிரியே ஆகிவிட்டாய். அந்தக் கட்டை மேசையில் வைத்து, “இதுதான் சார் நீக்கல் பட்டியல். ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சேதான் நான் கோடு போட்டேன்,” என்று சொன்னாயே, உன் குரல் உடையவே இல்லை. என் குரல்தான் உடைந்தது. “அதுல இருக்கறது என் கையெழுத்து” என்று நான் சொன்னபோது, எனக்குப் பின்னால் இருந்த இரைச்சல் சட்டென்று நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தலைவர் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு முகவரியாக வாசிக்கச் சொன்னார். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். முப்பத்தொன்றாம் எண் வந்தபோது தையற்காரம்மா எழுந்து, “அது எங்கப்பா. இப்ப இல்லை. அப்ப இருந்தாரு,” என்றார். வீடுகளைக் காலி செய்வது நிறுத்தி வைக்கப்படுகிறது என்று தலைவர் சொன்னபோது மணி இரண்டு. தொகுதி திரும்பி வராது, அது சட்டப்படி முடிந்த விஷயம் என்றும் சொன்னார். நீக்கம் எப்படி நடந்தது என்று மாவட்ட அளவில் விசாரணை நடத்தவும் உத்தரவிட்டார்.

வெளியே வந்து உன்னைத் தேடினேன். இரண்டு பேர் உன்னை நடுவில் விட்டு ஒரு காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாய். அது வா என்றா, வராதே என்றா? அதே நேரம் தையற்காரம்மா என் பக்கம் வந்தார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். என்னை நேராகப் பார்த்து, “ஏம்மா போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் தன் தெருக்காரர்களோடு போய்விட்டார்.

உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

சேர்ந்துவிட்டேன். ஒரு அலுவலகத்தில் உட்கார வைத்து, சாயங்காலம் வரை ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நகலை யார் கொடுத்தார்கள், எதற்கு வைத்திருந்தாய். அப்புறம் ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்கள். ஒருவர் பெட்டிவரை வந்து என் இருக்கையைக் காட்டிவிட்டுப் போனார். பணி இடைநீக்க உத்தரவு எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது.

கையை உயர்த்தியது வராதே என்றுதான்.

உங்கள் ஊர் விசாரணைக்கு யாரைப் போடுகிறார்கள் என்று ஏதாவது தெரிந்ததா?

தம்பி


ஏப்ரல் 17

டேய் தம்பி,

தெரிந்தது. விசாரணை அதிகாரி கோந்து.

மாவட்டத்தின் சிறப்பு அதிகாரி அவர்தானே, விதிப்படி அவரிடம்தான் போகுமாம். எனக்கு வந்த அழைப்பாணையில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது மட்டும் அவருக்குக் கை வருகிறது.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குப் போகிறேன். மூன்றாவது மாடி, அவர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. பெயரைக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடுவதில்லை. ஐந்து மணிக்கு உதவியாளர் வெளியே வந்து, “நாளைக்கு வாங்க,” என்கிறார். இன்றோடு ஐந்து நாள். நடுவில் கோந்து இரண்டு மூன்று முறை கதவைத் திறந்துகொண்டு போகிறார், வருகிறார். ஒரு முறைகூட நிற்கவில்லை. “இன்னும் சாப்பிடலையாம்மா?” என்று நடந்துகொண்டே கேட்பார்.

நேற்று உள்ளே தட்டச்சு ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. என் வாக்குமூலத்தை நான் சொல்லாமலே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததும் பேனாவோடு வருவார். இந்த முறை எல்லாத் தாளையும் படிப்பேன். எத்தனை நாள் ஆனாலும்.

கடைசி அத்தியாயத்தை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டேன். இதோடு முழுக் கைப்பிரதியையும் லாரியில் அனுப்புகிறேன். வேறு பிரதி கிடையாது. வீட்டில் வைக்காதே. எங்கே வைத்தாய் என்று எனக்கும் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 22

என் அக்காவுக்கு,

கைப்பிரதி வந்தது. இரண்டு நாளாக அதைத்தான் படித்தேன். வெள்ள வருஷத்துப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அது அழகாக வந்திருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் உன்னைப் பற்றி நீ எழுதியிருப்பது கொஞ்சம் கடுமைதான், ஆனால் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஓரிடத்தில் மட்டும் கை வைத்தேன். ‘எல்லை ஆணையத்தைச் சேர்ந்த ஒருவர்’ என்று எழுதியிருந்தாய். அடித்துவிட்டு என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

அதை ஒரு இடத்தில் வைத்துவிட்டேன். நீ சொன்னபடி எங்கே என்று எழுதவில்லை.

நேற்று எனக்கும் அழைப்பாணை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் இரண்டாவது எதிரி நான். விசாரணை முடியும்வரை உங்கள் ஊரிலேயே தங்க வேண்டும், அதை விட்டுப் போகக் கூடாது, மாற்றுத் துணி கொண்டு வர வேண்டும் என்று இருக்கிறது. மாற்றுத் துணி எதற்கு என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் அழைப்பாணையை இன்னொரு முறை படித்தார். “ரெண்டு செட் கூடவே எடுத்துக்குங்க,” என்றார்.

உன் வீட்டில் தங்கலாமா என்று கேட்க வேண்டுமா? எட்டு வருஷம் ஆகிவிட்டதே என்று கேட்கிறேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மூன்றாவது மாடியில் இருப்பேன். அந்தப் பெஞ்சில் எனக்கும் இடம் பிடித்து வை.

தம்பி